சித்திரக்கதையும் வழிநூல் மரபும்

ஒருவர் ஆக்கிய நூலைப் பிறரொருவர் வேறொரு வடிவிலே தருங்கால், பின்னவர் முன்னவர்க்கு எத்துணைக் கடப்பாடுடையர் என்னும் வினா மிகப் பழையது. இக்காலத்தில் அது புதியதோர் உருவில் எழுந்துள்ளது. அச்சில் வெளிவந்து பல தலைமுறையினர் விரும்பிப் படித்த சித்திரக்கதைகள், கார்ட்டூன் என வழங்கும் அசைவுச் சித்திரத் தொடர்களாகித் தொலைக்காட்சியில் வருகின்றன. அத்தொடர்கள் மூலத்தைக் கட்டத்துக்குக் கட்டம் பின்பற்றல் வேண்டுமா? அன்றி, ஆக்குவோர் தாம் வேண்டியவாறு மாற்றிக்கொள்ளலாமா?

இவ்வினா சிறுவர் பொழுதுபோக்கைப் பற்றியதுதானே என்று புறக்கணித்தற்குரியதன்று. இன்று பிள்ளைகள் பலர் ஒரு கதையை முதன்முதல் அறிவது திரையிலேயாம். அவருட் பலர் பின்னர் நூலைத் தேடிச் செல்வதுமில்லை. திரையிற் கண்டதே அவர்க்கு முதனூலாகிவிடுகிறது. திரையிலே சிதைந்த கதை அப்பிள்ளைகளின் உள்ளத்தில் என்றும் சிதைந்த கதையே. ஆதலின், எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும்.

அவ்வளவுகோல் தமிழ் இலக்கணத்திலேயே உளது. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதனூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துகிறது. பிற்காலத்தெழுந்த நன்னூல், வழிநூலுக்கு மூன்று இயல்புகளைக் கூறும். முன்னோர் நூலின் முடிபோடு முழுதும் ஒத்திருத்தல் ஒன்று. பின்னோன் தான் வேண்டிய வேறுபாடுகளைச் சேர்த்தல் மற்றொன்று. அழியாத மரபுடையதாதல் பிறிதொன்று. ஒருசார் ஒத்துப் பிறவாற்றான் வேறுபடுவதனைச் சார்புநூல் என அந்நூல் தனியே வைத்தெண்ணும். யாழ்ப்பாணத்து மாணவர் ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையோடு வழிவழியாகக் கற்றுவந்த இலக்கணம் இது. ஏட்டு நூலுக்கு வகுத்த இவ்விதி திரைக்கும் பொருந்துமோ எனின், நன்கு பொருந்தும் என்பது மேல்வருவனவற்றாற் புலனாகும்.

வடிவம் மாறும்போது சில வேறுபாடுகள் விலக்கலாகாதவை என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். சித்திரக்கதையிற் படங்கள் அசையா. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையிலுள்ள வெளியைப் படிப்போன் தன் கற்பனையால் நிரப்புகிறான். விரும்பிய பக்கத்தில் நின்று பார்க்கவும், முன்பக்கத்துக்கு மீளவும் அவனுக்கு உரிமையுண்டு. தொலைக்காட்சியோ காலத்தைத் தானே வரையறுக்கிறது. படிப்போன் உள்ளத்திற் கேட்ட குரலுக்குப் பதிலாக நடிகர் ஒருவரின் குரலைத் தருகிறது. இசையால் அச்சத்தையும் நகையையும் முன்னரே அறிவித்துவிடுகிறது. ஆகவே கட்டத்துக்குக் கட்டம் ஒத்திருத்தல் விரும்பினும் முற்றும் கூடுவதன்று. முடிபும் பண்பும் ஒத்திருத்தலே கூடுவது, வேண்டுவதும் அதுவே.

இவ்வுண்மையை யாழ்ப்பாணத்தார் ஆண்டுதோறும் கண்ணாரக் காண்கின்றனர். கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணம் ஆறு காண்டங்களும் 10,000க்கு மேற்பட்ட செய்யுள்களும் உடையது. அதுதானும் வடமொழிக் காந்தத்தின் வழிநூலே. அப்பெருநூலைக் கோயில்களிற் படித்துப் பயன் சொல்லும் புராணபடன மரபு இக்குடாநாட்டுக்குச் சிறப்பாக உரியது. அந்நூலின் யுத்தகாண்டப் பொருளே ஐப்பசித் திங்களிற் கந்தசட்டியின் ஆறாம் நாளன்று, முருகன் கோயில் வீதிகளிற் சூரன்போராக நிகழ்கிறது. செய்யுள் ஈண்டுக் காட்சியாகிறது.

அக்காட்சியில் விடப்பட்டவை எண்ணில. நகரச் சிறப்புகள், தூது மொழிகள், படைவகுப்புகள் யாவும் ஒரு மாலைப்பொழுதினுள் அடங்கா. சூரனது உருவம் அன்பர் தோள்களில் ஆடி வருகிறது. ஒரே உடலில் தலைகளை மாற்றி யானைமுகனையும் சிங்கமுகனையும் சூரனையும் காட்டுகின்றனர். நூலில் அவர் மூவரும் வெவ்வேறு உடலினரான உடன்பிறந்தார். இம்மாற்றத்தை எவரும் குறைகூறுவதில்லை. ஆயின், இறுதியில் மாமரம் வராமலோ, மயிலும் சேவலும் தோன்றாமலோ போர் முடியுமாயின், சிறு பிள்ளையும் அதனை ஏற்காது. சூரன் அழிக்கப்பட்டான் என்பதன்று கந்தபுராணத்தின் முடிபு. ஆட்கொள்ளப்பட்டான் என்பதே முடிபு. பகைவன் ஊர்தியும் கொடியுமாகிய அவ்வருளை விட்டுவிட்டால், எஞ்சுவது வெறுஞ் சண்டையே. தொகுத்தல் எது, சிதைத்தல் எது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இவ்வளவுகோலைக் கொண்டு பிறநாட்டுத் தொடர்கள் சிலவற்றை நோக்குதல் தகும். பெல்ஜிய நாட்டு ஓவியர் எர்ஜே 1929 ஆம் ஆண்டில் தொடங்கிய டின்டின் சித்திரக்கதை உலகப் புகழ் வாய்ந்தது. அதனை பெல்விஷன் என்னும் நிறுவனம் 1957 ஆம் ஆண்டு தொடக்கம் ஐந்து நிமிட அளவினவாகிய சிறு பகுதிகளாக ஆக்கியது. அதிற் கதைப்போக்கும் பாத்திரங்களின் இயல்பும் பெரிதும் மாற்றப்பட்டன. பின்னர் 1991, 1992 ஆம் ஆண்டுகளிற் பிரெஞ்சு நிறுவனமொன்றும் கனடிய நிறுவனமொன்றும் இணைந்து 21 நூல்களை 39 பகுதிகளாகத் தந்தன. இதிற் பல காட்சிகள் எர்ஜேயின் கட்டங்களிலிருந்தே எடுத்தாளப்பட்டன. இவ்விரண்டனுள் மூலத்தை விரும்புவோர் நிலையாகப் போற்றுவது பின்னதையே.

எனினும், பின்னதும் யாவற்றையும் தரவில்லை. கொங்கோ நாட்டில் நிகழ்வதாக எர்ஜே தம் இளமையில் வரைந்த கதையை அது விலக்கியது. அக்கதை ஆபிரிக்க மக்களை இழிவுபடுத்திக் காட்டுவது. எர்ஜேயும் பிற்காலத்தில் அதுபற்றி வருந்தினார். மேலும், தம் பழைய நூல்களை அவர் தாமே திருத்தினார். ‘கருந்தீவு’ என்னும் பொருள்படும் பெயருடைய கதை 1966 ஆம் ஆண்டிற் புதிதாக வரையப்பட்டு வெளிவந்தது. முதல்வரே திருத்திய நூலில் ஒவ்வொரு கோடும் மாற்றலாகாதது என வாதிடுதல் முதல்வரினும் மிக்க பற்றுடையராய்க் காட்டிக்கொள்ளுதலாய் முடியும்.

சார்புநூலுக்கு யப்பான் நாட்டில் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. இறந்த தாயை இரசவாதத்தால் மீட்க முயன்று பெருந்துன்பமெய்திய சகோதரர் இருவரின் கதையாகிய ‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்’, அரகாவா ஹிரோமு என்னும் பெண்மணி 2001 முதல் 2010 வரை வரைந்தது. அது முற்றுப்பெறுமுன், 2003 ஆம் ஆண்டிலேயே தொலைக்காட்சித் தொடராயிற்று. மூலம் முடியாமையின், அத்தொடர் இடைவழியிற் பிரிந்து 51 பகுதிகளில் வேறொரு முடிவை எய்தியது. 2009 ஆம் ஆண்டில் தொடங்கிய இரண்டாந் தொடர் 64 பகுதிகளில் மூலத்தின் முடிபையே தந்தது. நன்னூலார் நெறியில் நோக்கின், முன்னது சார்புநூல், பின்னது வழிநூல். இரண்டும் தத்தம் அளவிற் சிறந்தனவே. ஒன்றை மற்றொன்றெனக் கொள்வதே பிழை.

விரித்தல் மூலத்துக்கே வளஞ்சேர்ப்பதும் உண்டு. பேட்மேன் என்னும் அமெரிக்கச் சித்திரக்கதை 1939 ஆம் ஆண்டில் தோன்றியது. அதில் வரும் பகைவருள் ஒருவன், பனியையே படைக்கலமாகக் கொண்டவன். 1992 ஆம் ஆண்டில் எழுந்த அசைவுச் சித்திரத் தொடர், அவனுக்கு நோயுற்ற மனைவியொருத்தியையும் அவளைக் காக்கும் தவிப்பையும் அமைத்தது. வெறுங் கள்வனாயிருந்தவன் இரங்கத்தக்க மனிதனானான். அவ்வரலாற்றைச் சித்திரக்கதையும் பின்னர்த் தனதாக்கிக் கொண்டது. மாற்றம் நிகழ்ந்தது, ஆயினும் தீமையை எதிர்க்கும் வீரன் அத்தீமைக்குள்ளிருக்கும் துயரையும் காண்கிறான் என்னும் கதைப்பண்பு கெடவில்லை, ஆழமே எய்திற்று.

பாரத நாட்டில் அனந்த் பை 1967 ஆம் ஆண்டிற் தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசை வேறொரு சிக்கலைக் காட்டுகிறது. இராமாயண, பாரதக் கதைகளைச் சித்திரமாக்கிய அந்நூல்கள் தாமே வழிநூல்கள். அவற்றை அசைவுச் சித்திரமாக்குவோர்க்குச் சித்திரக்கதை தாய் எனின், இதிகாசம் பாட்டி. தாய் விட்டதைப் பாட்டியிடம் கேட்டறிதல் அவர் கடன். சித்திரக்கதையின் சுருக்கத்தை மீண்டும் சுருக்கின், எஞ்சுவது பெயர்ப்பட்டியல் மட்டுமேயாகும்.

இவற்றால் துணிவது யாதெனின், நீட்டலும் குறைத்தலும் குரல் கொடுத்தலும் ஆக்குவோன் உரிமை. முடிபையும் பாத்திரப் பண்பையும் காத்தல் அவன் கடமை. அவற்றை மாற்ற விரும்புவோன், மாற்றினேன் என வெளிப்படக் கூறுதல் நேர்மை. ஆசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. 1852 ஆம் ஆண்டில் நாவலர் பெரியபுராணத்தை வசனமாக்கியது, செய்யுளை மறப்பித்தற்கன்று, செய்யுளறியாதார்க்கும் வழிதிறத்தற்கே. திரையிற் கதை கண்ட பிள்ளையிடம், நூலில் இது எவ்வாறு உளது என்று வினவி, அந்நூலை அவன் கையிற் கொடுத்தல் வகுப்பறையில் எளிதிற் செய்யத்தக்கது. நூலைத் திறந்த பிள்ளை, ‘இவனை நான் முன்னரே அறிவேன்’ என்று மகிழுமாயின் அத்தொடர் வழிநூல், ‘இவன் யார்?’ என்று திகைக்குமாயின், அது வழிமாறிய நூல்.