படகின் குடிநீர்த் தொட்டியில் துர்நாற்றம்: காரணமும் பரிகாரமும்

தஞ்சை மாவட்டம் என்றவுடன் காவிரிப் பாசனமும் நெல்வயலும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் அம்மாவட்டத்திற்குக் கடற்கரையும் உண்டு. பட்டுக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த அதிராம்பட்டினத்திலும், அதனை அடுத்துள்ள மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் முதலிய ஊர்களிலும் மீன்பிடித் தொழிலே பல குடும்பங்களின் ஜீவாதாரமாகும். கடலுக்குப் புறப்படும் படகில் வலை, ஐஸ், டீசல் ஆகியவற்றோடு குடிநீரும் ஏற்றப்படுகிறது. சிறிய வள்ளங்களில் பிளாஸ்டிக் கேன்களிலும், பெரிய விசைப்படகுகளில் தொட்டிகளிலும் அது நிரப்பப்படுகிறது.

இத்தண்ணீர் நாறத் தொடங்கினால் விளைவது சிறு தொல்லை அன்று. நாறும் தண்ணீரை எவரும் விரும்பிப் பருகார். வெயிலில் வலை இழுத்து வியர்வை சிந்துபவர் போதிய தண்ணீர் பருகாவிடில் உடல் வறண்டு தலைச்சுற்றலும் சோர்வும் காண்பர். நெடுங்காலம் இவ்வாறு நேரின் சிறுநீரகக் கல் உண்டாகவும் ஏதுவாகும். நாற்றத்தைப் பொருட்படுத்தாது பருகினாலோ, அத்தண்ணீரில் நோய்க்கிருமிகள் இருப்பின் வயிற்றுப்போக்கு நேரிடும். கரைக்குத் திரும்பப் பல மணி நேரம் ஆகும் இடத்தில் இது உயிர்ப் பிரச்சினையே ஆகும். ஆகவே இந்நாற்றத்தின் காரணத்தையும், அதனை நீக்கும் முறையையும் மீனவர்களும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் அறிந்திருப்பது நலம்.

நாற்றம் எங்கே பிறக்கிறது?

நாற்றம் கண்டவுடன் தண்ணீரைக் குறை கூறுவது வழக்கம். பெரும்பாலும் குற்றம் தண்ணீரில் இல்லை, தொட்டியில் உள்ளது. தொட்டியின் உட்சுவரைக் கையால் தடவிப் பார்த்தால் வழவழப்பான படலம் ஒன்று தென்படும். அது கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஒட்டி வாழும் படலமாகும். அடியில் மண்ணும் துருவும் கசடாகத் தங்கியிருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டு இவற்றை அப்படியே விட்டுவைத்தால், புதிய தண்ணீரும் ஓரிரு நாள்களில் பழைய நாற்றத்தையே அடையும்.

அழுகிய முட்டை போன்ற நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவினால் உண்டாவது. காற்றோட்டமற்ற கசட்டினுள் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள சல்பேட் உப்பை இவ்வாயுவாக மாற்றுகின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் உண்டு. ஆகவே மூடியின் வழியாகச் சிறிதளவு கடல்நீர் கசிந்து உட்புகுந்தாலும் இந்நுண்ணுயிர்களுக்கு உணவு கிடைத்துவிடுகிறது. படகுத் தொட்டிகள் வீட்டுத் தொட்டிகளைக் காட்டிலும் விரைவில் நாறுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும். இரும்புத் தொட்டியின் அடியில் கரிய கசடு காணப்படின், இவ்வாயு இரும்புடன் கலந்ததன் அறிகுறி அது எனக் கொள்ளலாம்.

நாற்றத்தின் வகையைக் கொண்டு காரணத்தை ஊகிக்கலாம். சேற்று வாடை வீசினால் வெளிச்சம் புகுந்து பாசி வளர்ந்திருக்கக்கூடும். டீசல் வாடை வீசினால் எண்ணெய் பட்ட குழாயையோ பாத்திரத்தையோ உபயோகித்திருக்கலாம். ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வாடையாயின், தண்ணீர் நிரப்பும் குழாயைச் சோதிக்க வேண்டும். மீன் கவிச்சையாயின், மூடி சரியாகப் பொருந்தவில்லை எனலாம்.

ஐயம் தீர ஓர் எளிய சோதனை உண்டு. சுத்தமான இரண்டு கண்ணாடிக் குவளைகளில், கரையிலுள்ள குழாயிலிருந்து நேராக ஒன்றிலும், படகுத் தொட்டியிலிருந்து மற்றொன்றிலும் தண்ணீர் பிடித்து முகர்ந்து பார்க்க வேண்டும். இரண்டும் நாறினால் குறை ஊற்றில் உள்ளது. தொட்டித் தண்ணீர் மட்டும் நாறினால் தொட்டியையே கவனிக்க வேண்டும்.

முற்காலத்தில் கையாண்ட முறைகள்

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. மரப் பீப்பாய்களில் தண்ணீர் ஏற்றிச் சென்ற ஐரோப்பியக் கப்பல்களிலும் சில வாரங்களில் தண்ணீர் நாறிப்போவது வழக்கமாக இருந்தது. 1785ஆம் ஆண்டில், ருஷிய நாட்டில் பணியாற்றிய லோவிட்ஸ் என்னும் இரசாயன அறிஞர், மரக்கரிக்கு நிறத்தையும் நாற்றத்தையும் ஈர்த்துக்கொள்ளும் சக்தி உண்டு எனக் கண்டார். 1799இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் டென்னன்ட் பிளீச்சிங் பவுடர் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். துணியை வெளுக்கப் பிறந்த அத்தூளே பிற்காலத்தில் குடிநீரின் காவலனாயிற்று.

நம் நாட்டில் கலங்கல் நீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டையும், மணமூட்ட வெட்டிவேரும் உபயோகத்தில் இருந்து வருகின்றன. இவை நல்லவையே; எனினும் தேற்றாங்கொட்டை கலங்கலைத்தான் படிய வைக்கும், வெட்டிவேர் நாற்றத்தை மறைக்கவே செய்யும். கிருமிகளை ஒழிப்பதற்கு இவற்றை நம்பியிருத்தல் கூடாது. மரக்கரியும் அத்தகையதே.

சுத்தம் செய்யும் முறை

முதலாவதாக, தொட்டியிலுள்ள தண்ணீர் முழுவதையும் வெளியேற்ற வேண்டும். பின்னர் நீண்ட பிடியுள்ள தூரிகையால் சுவர், அடிப்பகுதி, மூலைகள் ஆகியவற்றை நன்கு தேய்த்துக் கசட்டைக் கழுவி அகற்ற வேண்டும். வழவழப்பு நீங்காத தொட்டியில் எவ்வளவு மருந்து இட்டாலும் பயன் குறைவு. மருந்தின் சக்தி முழுவதையும் கசடே விழுங்கிவிடும்.

இரண்டாவதாக, தொட்டியில் நல்ல தண்ணீரை நிரப்பி பிளீச்சிங் பவுடர் கரைசலைச் சேர்க்க வேண்டும். 25 சதவிகித குளோரின் சக்தியுள்ள தூளாயின், 500 லிட்டர் தொட்டிக்கு 100 கிராமும், 200 லிட்டர் பீப்பாய்க்கு 40 கிராமும், 20 லிட்டர் கேனுக்கு 4 கிராமும் போதுமானவை. தூளை நேராகத் தொட்டியில் கொட்டலாகாது. பிளாஸ்டிக் வாளியில் சிறிது தண்ணீருடன் குழைத்து, மேலும் தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும்.

மூன்றாவதாக, படகின் எல்லாக் குழாய்களையும் திறந்து, குளோரின் வாடை வரும் வரை தண்ணீரை ஓடவிட்டு மூட வேண்டும். குழாயினுள்ளும் படலம் உண்டு என்பதை மறத்தலாகாது. இவ்வாறு 4 மணி நேரம் வைத்திருத்தல் வேண்டும். உலோகத் தொட்டிகளில் இதற்கு மேல் வைத்தால் அரிப்பு உண்டாகும்.

நான்காவதாக, அத்தண்ணீர் முழுவதையும் வெளியேற்றி, குளோரின் வாடை நீங்கும் வரை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரால் அலச வேண்டும். இக்கழிவு நீரை இறால் குட்டையிலோ அலையாத்திக் காட்டு நீரிலோ விடுதல் தகாது.

அதன்பின் நிரப்பும் குடிநீருக்கு, ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற அளவே போதுமானது. இவ்வளவு சிறிய அளவை நிறுப்பது கடினமாதலின், 20 கிராம் தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, அத்தெளிவில் 100 மில்லிலிட்டரை 500 லிட்டர் தண்ணீருக்குச் சேர்க்கலாம். ஒரு மணி நேரம் கழித்துப் பருகலாம். கரைசலை அன்றன்று தயாரிப்பதே சிறந்தது.

உயிர் காக்கும் எச்சரிக்கைகள்

பெரிய தொட்டியைத் தேய்ப்பதற்காக ஒருவர் உள்ளே இறங்கும் வழக்கம் மிகவும் ஆபத்தானது. மூடிக் கிடந்த தொட்டியில் துருவும் நுண்ணுயிர்களும் பிராணவாயுவைக் குறைத்திருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு வாயுவோ, அளவு மிகும்போது மோப்ப உணர்ச்சியையே மரக்கச் செய்துவிடும். ஆகவே நாற்றம் நின்றுவிட்டது என்பதனால் ஆபத்து நீங்கிவிட்டது என எண்ணலாகாது. இத்தகைய இடங்களில் மயங்கி விழுந்தவரைத் தூக்கச் சென்றவரும் மாண்ட துயரங்கள் பல. வெளியிலிருந்தே சுத்தம் செய்ய இயலாத தொட்டிக்குள் தக்க கருவிகளும் பயிற்சியும் இன்றி எவரும் இறங்குதல் கூடாது.

பிளீச்சிங் பவுடருடன் ஆசிட், வினிகர், கழிப்பறை சுத்தம் செய்யும் திரவம் ஆகிய எதனையும் கலக்கலாகாது. நச்சு வாயுவாகிய குளோரின் வெளிப்படும். தூளை டீசலுக்கும் எண்ணெய்க்கும் அருகில் வைத்தலும் கூடாது. வெயிலும் ஈரமும் படாமல் இறுக மூடி வைக்காவிடில் அதன் சக்தி குன்றிவிடும்.

மீண்டும் வராமல் தடுத்தல்

தொட்டியின் மூடி தளத்திற்கு மேலாக உயர்ந்தும், ரப்பர் வளையத்துடன் இறுகப் பொருந்தியும் இருத்தல் வேண்டும். காற்றுக்குழாயைக் கீழ்நோக்கி வளைத்து நுண்ணிய வலை கட்ட வேண்டும். கேன்களை வெயில் படாத இடத்தில் வைத்தால் பாசி வளராது. தண்ணீர் நிரப்பும் குழாயை வேறு எதற்கும் உபயோகிக்காமல், வடியவிட்டுத் தொங்கவிட வேண்டும்.

பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்களே கடலுக்குச் செல்லும் முறை உள்ளது. மேலும், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலமாகும். தேங்கி நிற்கும் நாள்களிலேதான் தண்ணீர் கெடுகிறது. ஆகவே தடைக்காலம் தொடங்கியதும் தொட்டியைக் காலி செய்து, கழுவி, உலர்த்தி, வலையிட்டு மூட வேண்டும். இன்றேல் கரையில் நிற்கும் படகே டெங்குக் கொசுவின் வளர்ப்பிடமாகும். ஜூன் மாதத்தில் கடலுக்குப் புறப்படுமுன் மேற்கூறிய சுத்திகரிப்பை ஒருமுறை செய்துவிடுதல் உசிதம்.

விவசாயிகளுக்கும் பஞ்சாயத்துக்களுக்கும்

வீட்டு மாடியிலுள்ள தொட்டிக்கும், வயலுக்கு எடுத்துச் செல்லும் கேனுக்கும் இம்முறையே பொருந்தும். பூச்சிமருந்து இருந்த டப்பாக்களையும் பீப்பாய்களையும் எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்கு உபயோகிக்கலாகாது. இதனை விவசாயிகள் உறுதியாக மனத்திற் கொள்ள வேண்டும்.

கடற்கரைப் பஞ்சாயத்துக்கள் செய்யக்கூடிய காரியங்கள் மூன்று. படகுகள் நிற்கும் இடத்திற்கு அருகே சேறு படாத மேடையுடன் குடிநீர்க் குழாய் அமைக்கலாம். ஊர் மேல்நிலைத் தொட்டிக்கென வாங்கும் பிளீச்சிங் பவுடரோடு படகுகளுக்கும் சிறிதளவு சேர்த்து வாங்கி, அளவு கூறி வழங்கலாம். தடைக்காலத்தின் இறுதி வாரத்தில் மீனவர் சங்கத்துடன் கூடி எல்லாப் படகுகளின் தொட்டிகளையும் ஒருசேரச் சுத்தம் செய்யலாம். இவற்றிற்கு ஆகும் செலவு சொற்பம். கடலில் உழைப்பவர் ஐயமின்றி ஒரு குவளை நீர் பருகுவதற்கு இம்முயற்சி பெரிதும் துணை செய்யும்.