பல்லியை வளர்க்கலாமா?



நாய், பூனை, ஆடு, கோழி எல்லாம் நாம் வளர்க்கிறோம். பல்லியை யாராவது வளர்ப்பாங்களா? சிரிக்காதீங்க, வளர்க்கிறார்கள்! அமெரிக்கா, ஐரோப்பா போன்ற இடங்களில் பல்லியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, தீனியைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டு வளர்க்கிறார்கள். நம்ம ஊரில் அதே இனத்தைப் பார்த்தால் துடைப்பத்தைத் தேடுகிறோம். அதனால் பல்லியைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று நினைத்தேன்.

பல்லி ஏன் கீழே விழுவதில்லை?

பல்லியின் காலில் பசை இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பசை இருந்தால் அது நடந்த சுவரில் கறை இருக்குமே! அதன் விரலுக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும். அந்த மடிப்புகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்முடிகள் லட்சக்கணக்கில் உள்ளன. டோக்கே என்ற பெரிய பல்லிக்கு நான்கு காலிலும் சேர்த்து சுமார் 65 லட்சம் முடிகள்! ஒவ்வொரு முடியின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்திருக்கும். இவை சுவரோடு மிக மிக நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கு இடையே ஒரு சிறிய ஈர்ப்பு உண்டாகிறது. இதற்கு வாண்டர்வால்ஸ் விசை என்று பெயர். ஒரு முடியின் விசை சிறியதுதான். எல்லாம் சேர்ந்தால் பெரியது. டோக்கேயின் முன்னங்கால்கள் இரண்டு மட்டுமே சுமார் 2 கிலோ எடையைத் தாங்கும். கெல்லர் ஆட்டம் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு 2000-ஆம் ஆண்டில் ஒற்றை முடியின் விசையை அளந்து காட்டியது.

இன்னொரு வேடிக்கை. கண்ணாடியில் ஏறும் பல்லியால் நான்ஸ்டிக் தவாவில் பூசுகிற டெஃப்லான் மேல் ஏற முடியாது. வழுக்கிவிடும்.

வெளிநாட்டில் எப்படி வளர்க்கிறார்கள்?

அதிகமாக வளர்க்கப்படுவதில் ஒன்று கிரெஸ்டட் கெக்கோ. இதன் சொந்த ஊர் பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியா தீவு. கண்ணுக்கு மேலே இமைமுடி மாதிரி முள் வரிசை இருக்கும். இந்த இனமே அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தார்கள். 1994-இல் மறுபடியும் கண்டுபிடித்தார்கள். இன்று உலகம் முழுவதும் வீடுகளில் இருக்கிறது.

இது மரம் ஏறும் பல்லி. அதனால் பெட்டி அகலமாக இருப்பதைவிட உயரமாக இருக்க வேண்டும். உள்ளே கிளையும் இலையும் வைக்கணும். 22 முதல் 26 டிகிரி வரை வெப்பம் போதும். நம்ம விழுப்புரம் சித்திரை வெயிலை அதனால் தாங்கவே முடியாது! மாலையில் தண்ணீர் தெளித்தால் இலையில் நிற்கும் துளியை நக்கிக் குடிக்கும். பழக்கூழும் பூச்சியும் சாப்பிடும். சுண்ணாம்புச் சத்துத் தூளும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு வளைந்துவிடும். இரண்டு ஆண் பல்லிகளை ஒரே பெட்டியில் விட்டால் சண்டைதான்.

பெண் பல்லி ஒரு தடவைக்கு இரண்டு முட்டை இடும். முட்டையை எடுத்து ஈரமான பொருளில் தனியாக வைப்பார்கள். அதைத் திருப்பவே கூடாது! நம்ம வீட்டுக் கோழி அடைகாக்கும்போது முட்டையை உருட்டி உருட்டி விடும். பல்லி முட்டை அதற்கு நேர் எதிர். உள்ளே உள்ள கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்வதால், புரட்டினால் செத்துவிடும். அதனால் மேல்பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார்களாம்.

ஒரு வதந்தி செய்த கொடுமை

டோக்கே பல்லி நம் நாட்டில் அசாம், மணிப்பூர் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் இருக்கிறது. சாம்பல் நீல உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி. ஒரு அடிக்கு மேல் வளரும். "டோக்-கே, டோக்-கே" என்று கத்துவதால் அந்தப் பெயர். சுமார் 2010-இல் இதைச் சாப்பிட்டால் எய்ட்ஸ் குணமாகும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். லட்சக்கணக்கில் விலை என்று செய்தி பரவியது. காட்டில் மூட்டை மூட்டையாகப் பிடித்தார்கள். பிலிப்பைன்ஸ் அரசு 2011-இல் இது மருந்தே இல்லை என்று எச்சரித்தது. 2019-இல் உலக நாடுகள் இதன் வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தன. அப்படியும் 2025 ஏப்ரலில் அசாமில் திப்ரூகர் பக்கம் 11 டோக்கேக்களைப் போலீசார் மீட்டார்கள். ஒரு பொய்யால் ஒரு இனமே ஆபத்தில் நிற்கிறது!

நம் பக்கத்திலும் வருகிறது

திண்டிவனத்தில் ஒரு மீன் கடைக்கு அண்ணனோடு போனேன். அங்கே ஒருத்தர் போனில் கலர் பல்லி படம் காட்டி, "வேணுமா, வரவழைச்சுத் தரேன், பில்லு கிடையாது" என்றார். பில் இல்லை என்றால் என்ன அர்த்தம்? சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வருபவர்களின் பெட்டிகளில் இப்படி உயிருள்ள பிராணிகள் பல முறை பிடிபட்டிருக்கின்றன. பெட்டிக்குள் மூச்சு முட்டிப் பாதி செத்துப்போகும். உலக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதி வந்துள்ளது.

நம் நாட்டிலேயே தங்கப் பல்லி என்று ஒன்று இருக்கிறது. திருமலைப் பாறைகளிலும் வேலூர் பக்க மலைகளிலும் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தால் ஜெயில்தான்.

நம்ம வீட்டுப் பல்லி

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியை வரிசையில் நின்று தொட்டுக் கும்பிடுகிறோம். பல்லி சத்தம் போட்டால் தரையைத் தட்டுகிறோம். பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் பார்க்கிறோம். ஆனால் வீட்டுப் பல்லியை அடிக்கிறோம். என்ன நியாயம்? அது சத்தம் போடுவது தன் இடத்துக்கு வரும் வேறு பல்லியை விரட்டவும், துணையைக் கூப்பிடவும்தான்.

பல்லிக்கு விஷம் இல்லை. ஆனால் அதன் உடம்பிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். வாந்தியும் பேதியும் வருவது அதனால்தான். ஆகவே பல்லி விழுந்த சாப்பாட்டைக் கொட்டிவிட வேண்டும். தப்பு மூடி போடாத பாத்திரத்துடையது, பல்லியுடையது இல்லை.

எங்கள் வீட்டில் கரண்ட் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இரண்டு வெள்ளை முட்டை இருந்தது. சித்தி பெருக்கித் தள்ளப் போனாங்க. நான் வேண்டாம் என்று கெஞ்சி விட்டுவைத்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஒருநாள் காலையில் ஓடு உடைந்து கிடந்தது. தீக்குச்சி நீளம்கூட இல்லாத குட்டி டியூப்லைட் பக்கத்தில் நின்றது. இப்போது மழை நாளில் ஈசல் வந்தால் எங்களுக்குக் கவலை இல்லை.

நண்பர்களே! பல்லி வளர்க்க ஆசை இருந்தால் பெட்டியும் வேண்டாம், பணமும் வேண்டாம். மூன்று வேலை போதும்.

1. சாப்பாட்டுப் பாத்திரத்தையும் தண்ணீர்க் குடத்தையும் மூடி வையுங்கள்.
2. முட்டையைப் பார்த்தால் தொடாதீர்கள்.
3. வால் துடிப்பதைப் பார்க்க அடிக்காதீர்கள். வால் மறுபடி வளரும், ஆனால் அதில் எலும்பு வராது, குருத்தெலும்புதான் வரும். வாலில் சேர்த்து வைத்த கொழுப்பும் போய்விடும்.

யாராவது ஊருக்கு வந்து, "பெரிய பல்லி பிடிச்சுக் குடு, லட்சம் தரேன்" என்றால் நம்பாதீர்கள். உடனே ஆசிரியரிடமோ வீட்டுப் பெரியவர்களிடமோ சொல்லுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி