நான்கு உருளைக்கும் சம பங்கு



நுவரெலியா நகரை அடுத்துள்ள மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தினூடே வளைந்து மேலேறும் பாதை ஒன்றுண்டு. அப்பாதையில் 1934ஆம் ஆண்டு தொடங்கிய மலையேற்ற மோட்டார்ப் பந்தயம், இந்நாட்டின் பழமையான மோட்டார் விளையாட்டுகளுள் ஒன்றாகும். ஏப்ரல் மாதத்து வசந்த காலம் வந்துவிட்டால், கொழுந்துச் செடிகளுக்கு நடுவே வண்டிகளின் முழக்கம் மலைக்கு மலை எதிரொலிக்கும். வேலி ஓரத்தில் நின்று பார்ப்போர் கண்ணுக்குத் தெரிவது வேகம் மட்டுமே. அந்த வேகத்துக்குள் மறைந்து கிடக்கும் ஒரு பங்கீட்டுப் பிரச்சினையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

பந்தய வண்டிகளுள் பல, டர்போ என்னும் காற்றழுத்தி பொருத்திய நான்கு உருளை இயந்திரம் கொண்டவை. மிட்சுபிஷி நிறுவனத்தார் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட லான்சர் எவல்யூஷன் வண்டி இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. இயந்திரத்திலிருந்து வெளியேறும் சூடான புகையின் விசையால் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இயந்திரத்துக்குள் தள்ளுகிறது. அக்காற்று முதலில் ஒரு பெட்டிக்குள் புகும். பெட்டியிலிருந்து உருளைக்கு ஒன்றாக நான்கு குழாய்கள் பிரியும். பெட்டியும் குழாய்களும் சேர்ந்த அமைப்பையே நம் கராஜ்களில் இன்டேக் மெனிபோல்ட் என்கிறார்கள்.

வண்டியோடு வந்த மெனிபோல்டைக் கழற்றிவிட்டு, அலுமினியத் தகட்டை வளைத்து ஒட்டிச் செய்த பெரிய பெட்டியையும் குட்டையான குழாய்களையும் பொருத்துவது பந்தயக்காரரின் வழக்கம். நீண்ட குழாய் குறைந்த சுழற்சியில் இழுவை தரும். குட்டைக் குழாய் உயர்ந்த சுழற்சியில் வலிமை தரும். ஆகவே இம்மாற்றத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எனினும், புதிய பெட்டி நான்கு குழாய்க்கும் ஒரே அளவில் காற்றைப் பகிர்கிறதா என்னும் கேள்வியைக் கேட்போர் சிலரே. அக்கேள்விக்கான விடை நம் தேயிலைத் தொழிற்சாலையிலேயே இருக்கிறது.

கொழுந்து வாட்டும் நீண்ட தொட்டியை நேயர்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு முனையில் பெரிய விசிறி. கம்பி வலையின் மேலே பரப்பிய கொழுந்து. வலைக்குக் கீழே காற்று ஓடும் அறை. விசிறியிலிருந்து வேகமாகப் பாயும் காற்று, அருகிலுள்ள கொழுந்தைப் பொருட்படுத்தாது கடந்து ஓடுகிறது. தூர முனையின் சுவரை அடைந்து வேகம் தணிந்ததும், அவ்வேகமே அழுத்தமாக மாறுகிறது. ஆதலால் தூர முனையில் காற்று மிகுந்து மேலெழ முனைகிறது. விசிறிக்கு அருகே அது குறைகிறது. இதைக் கவனியாது விட்டால் ஒரே தொட்டியில் ஒரு பக்கம் கொழுந்து மிகையாக வாடும். மறுபக்கம் பச்சையாகவே கிடக்கும். சில தொட்டிகளில் காற்றறையின் அடித்தளத்தைத் தூர முனை நோக்கிச் சரிவாக உயர்த்தி, அறையைப் படிப்படியாகக் குறுக்கியிருப்பது இக்குறையைப் போக்கவே.

மெனிபோல்ட் பெட்டியிலும் நடப்பது இதுதான். காற்று ஒரு முனையில் புகும் பெட்டியில், வாயிலுக்கு அருகிலுள்ள உருளைக்குக் காற்று குறைந்தும், கடைசி உருளைக்கு மிகுந்தும் போவது பெரும்பாலும் காணப்படும் நிலை. இதனோடு மற்றொன்றும் சேர்கிறது. இவ்வியந்திரங்களில் உருளைகள் ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற வரிசையில் வேலை செய்கின்றன. மூன்றாவது உருளை காற்றை இழுத்து முடிக்குமுன் அதன் அண்டை வீடாகிய நான்காவது உருளை இழுக்கத் தொடங்கும். இரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையேயும் அப்படியே. அடுத்தடுத்த வாயில்கள் இவ்வாறு ஒன்றன் காற்றை ஒன்று அசைப்பதால் பங்கீடு மேலும் குலைகிறது. லயத்துப் பீலியில் பக்கத்துக் குழாயையும் திறந்தால் நம் குடத்தில் விழும் தண்ணீர் குறைவதை இதற்கு ஒப்பிடலாம்.

காற்று ஏறக்குறைய இருந்தால் என்ன கேடு என்று கேட்கலாம். கேடு பெற்றோலின் கணக்கில் விளைகிறது. பழைய காபுரேற்றர் வண்டிகளில் பெற்றோலும் காற்றும் முன்னரே கலந்து குழாய்களில் சென்றன. இக்கால வண்டிகளில் ஒவ்வோர் உருளைக்கும் ஓர் இன்ஜெக்டர் தனித்தனியே பெற்றோலைத் தெளிக்கிறது. கணினி நான்குக்கும் ஒரே அளவையே கட்டளையிடுகிறது. காற்று வேறுபட்டு, பெற்றோல் ஒன்றாகவே இருந்தால் கலவை வேறுபடும் என்பது வெளிப்படை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். பெற்றோல் ஒரு பங்கு முழுமையாக எரிய, நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். டர்போ இயந்திரம் முழு வலிமையில் இயங்கும்போது, வெப்பத்தைத் தணிக்கும் பொருட்டுப் பெற்றோலைக் கூட்டி, ஒன்றுக்குப் பன்னிரண்டு அளவிலோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ வைப்பார்கள். நம் வண்டியில் சராசரி 11.8 என்று வைத்துக்கொள்வோம். கடைசி உருளைக்குக் காற்று நூற்றுக்கு ஆறு கூடினால் அங்கே கலவை 12.5 ஆகும். முதல் உருளைக்கு ஆறு குறைந்தால் 11.1 ஆகும். ஆனால் புகைக் குழாயில் பொருத்திய ஒட்சிசன் உணரியோ, நான்கு உருளையின் புகையும் கலந்த பின்பே அளக்கிறது. அது 11.8 என்றே காட்டும். ஓட்டுநர் மானியைப் பார்த்து நிம்மதி அடைவார். கடைசி உருளையோ மிகுந்த காற்றாலும் குறைந்த பெற்றோலாலும் இருமடங்கு துன்புறும்.

அத்துன்பம் எத்தகையது? உருளைக்குள் எரியும் வாயுவின் வெப்பம் 2,000 பாகை செல்சியசுக்கும் மேற்பட்டது. பிஸ்டனோ 600 பாகையை ஒட்டியே உருகக்கூடிய அலுமினியக் கலவை. பிஸ்டனின் மேற்பரப்பை ஒட்டி நிற்கும் மெல்லிய வாயுப் படலமும், பின்புறத்து எண்ணெயும், சுற்றியோடும் நீரும் அதைக் காத்து வருகின்றன. கலவை வறண்டு வெப்பம் மிகுந்தால், தீப்பொறி மூட்டிய சுடர் சென்று சேருமுன்னரே மூலையில் உள்ள கலவை தானே வெடிக்கும். இதையே மெக்கானிக்குகள் ‘நொக்’ என்கிறார்கள். அந்த அதிர்ச்சி காப்புப் படலத்தைக் கலைத்துவிடும். பின்னர் பிஸ்டனின் விளிம்பு உடைவதற்கோ உருகுவதற்கோ நெடுநேரம் வேண்டியதில்லை. மூன்று பிஸ்டன் புதிதுபோல் இருக்க, ஒன்று மட்டும் அழிந்து கிடப்பது பங்கீட்டுக் குறையை ஐயுறவேண்டிய அடையாளம். அடைத்த இன்ஜெக்டரும் அவ்வாறே செய்யுமாதலால், அதை முதலிற் சோதித்து விலக்கவேண்டும்.

மலைநாட்டில் இவ்வாபத்து இன்னும் நெருங்கி நிற்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. கொழும்பில் வெளிக்காற்றை இருமடங்காக அழுத்திப் பெறும் வலிமையை நுவரெலியாவில் பெறவேண்டுமாயின், டர்போ இரண்டரை மடங்காக அழுத்தவேண்டும். அதிகமாக அழுத்திய காற்று அதிகமாகச் சூடேறும். கொழும்பிற் சரிபார்த்துக் கொண்டுவந்த வண்டி, அட்டன், தலவாக்கலை கடந்து மேலே வந்ததும் இன்னும் குறுகிய பாதுகாப்பு எல்லைக்குள்ளேயே ஓடுகிறது. அந்நிலையில் ஓர் உருளையின் ஆறு பங்கு வேறுபாடு சிறிதன்று.

இதற்குப் பரிகாரம் என்ன? முதலாவது, பெட்டியின் வடிவம். வாட்டும் தொட்டியைப் போலவே தூர முனையை நோக்கிக் குறுகுமாறு பெட்டியைச் செய்யலாம். குழாயின் வாய்களை மணியின் வாய்போல் விரித்து வளைக்கலாம். உள்ளே நீட்டி நிற்கும் ஒட்டுப்புடைப்புகளை அராவி நீக்கலாம். இரண்டாவது, நான்கு இன்ஜெக்டர்களையும் சோதித்து ஒரே அளவு தெளிப்பனவாகத் தேர்ந்தெடுக்கவேண்டும். மூன்றாவது, மெனிபோல்டும் இயந்திரத் தலையும் சேருமிடத்துக் கேஸ்கட்டில் கசிவு உண்டா என்று பார்க்கவேண்டும். நான்காவது, நான்கு புகைக் குழாய்களிலும் தனித்தனியே வெப்பமானி பொருத்தி அளந்து, எந்த உருளை வேறுபடுகிறது என அறியவேண்டும். அறிந்தபின், உருளைவாரியாகப் பெற்றோலைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல கணினியில் திருத்திக்கொள்ளலாம்.

இத்தனை கருவிகளும் எல்லாக் கராஜிலும் இரா. அவ்வாறாயின் செலவில்லாத வழி ஒன்றுண்டு. முழு வலிமையில் ஓரோட்டம் ஓடி, உடனே இயந்திரத்தை நிறுத்தி, நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்க்கவேண்டும். மூன்று பிளக் பழுப்பாயிருக்க ஒன்று மட்டும் வெளுத்தோ, அதன் பீங்கானில் நுண்ணிய அலுமினியப் புள்ளிகள் தெறித்தோ இருந்தால், அவ்வுருளை அபாய அறிவிப்பு விடுக்கிறது என்று கொள்க. அடுத்த ஓட்டத்தை அன்று ஓடாமல் இருப்பதே அறிவுடைமை.

2020 மார்ச்சு மாதத்தில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேயே தனியார் வண்டிகளுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில் கைவசம் இருந்த இயந்திரத்தைக் காத்துக்கொள்வதன் அருமையை வண்டி வைத்திருந்தோர் அனைவரும் உணர்ந்தனர். அழிந்துபோன ஓர் இயந்திரத்தின் விலை, கராஜில் தொழில் பழகும் ஓர் இளைஞன் பல மாதம் உழைத்தாலும் ஈட்டமுடியாத தொகையாக இருத்தல் கூடும்.

மலையகத்து இளைஞர் பலர் இன்று இயந்திரத் தொழிலைக் கற்று வருகின்றனர். அவர்கள் நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்று. சராசரி நன்றாயிருக்கிறது என்பதனால் ஒவ்வொருவர் பங்கும் நன்றாயிருக்கிறது என்று ஆகாது. கொழுந்து வாட்டும் தொட்டியிலும், லயத்துப் பீலியிலும், டர்போ இயந்திரத்திலும் கடைசியில் நிற்பவருக்குப் போய்ச் சேருவது என்ன என்று அளந்து பார்த்தே தீர்ப்புச் சொல்லவேண்டும்.