பதநீர் ஒரிஜினலா, டூப்ளிகேட்டா? ருசியிலேயே கண்டுபிடிப்பது எப்படி, எதோடு சாப்பிடலாம்?

கோடை வந்துவிட்டால் ஆரணி, செய்யாறு, வந்தவாசி பக்கம் சாலையோரத்தில் பானையும் பனை ஓலையுமாகப் பதநீர் விற்பவர்களைப் பார்க்கலாம். வண்டியை ஓரங்கட்டி, ஒரு டம்ளர் மடக்கென்று குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். ஆனால் குடித்தது பதநீரா, சாக்கரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணியா? கொஞ்சம் நிதானமாக ருசி பார்த்தால் தெரிந்துவிடும்.

சுண்ணாம்பு எதுக்கு?

பனம்பாளையைச் சீவினால் சொட்டுகிற சாறு நல்ல இனிப்பு. அதில் இருப்பது பெரும்பாலும் டீயில் போடுகிற அதே வகைச் சர்க்கரைதான். காற்றில் இருக்கும் ஈஸ்ட் இதில் சேர்ந்ததும் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்ற ஆரம்பிக்கும். சில மணி நேரத்தில் அது கள். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் ஈஸ்ட்டின் வேலை அடங்கிவிடும், இனிப்பு அப்படியே நிற்கும். ஒரே மரம், ஒரே பாளை, வித்தியாசம் சுண்ணாம்பு மட்டும்தான்.

இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில் 'மொஸ்காட்டோ தாஸ்தி' என்று ஒரு இனிப்பு ஒயின் உண்டு. அங்கே திராட்சைச் சாறு பாதி புளிக்கும்போதே குளிரவைத்து நிறுத்திவிடுவார்கள். ஆல்கஹால் சுமார் 5 சதவீதம், மீதி இனிப்பு. அங்கே பாதியில் நிறுத்துவதை இங்கே ஆரம்பத்திலேயே நிறுத்திவிடுகிறோம், அவ்வளவுதான்!

ருசி பார்க்கும் முறை

முதலில் மோந்து பாருங்க. பனைக்கே உரிய லேசான வாசம் வரணும். புளிப்பு வாசமும் மேலே நுரையும் இருந்தால் அது கள்ளாக மாறத் தொடங்கிவிட்டது. அடுத்து ஒரு வாய் எடுத்து நாக்கில் கொஞ்ச நேரம் வைத்திருங்க. நிஜமான இனிப்பு வரும், விழுங்கியதும் போய்விடும். சாக்கரின் இனிப்பு சீக்கிரம் போகாது, அடிநாக்கில் ஒரு கசப்பையும் விட்டுவிட்டுப் போகும். நாக்கு சுருக்கென்று அரித்தால் சுண்ணாம்பு கூடிப்போச்சு என்று அர்த்தம்.

ஐஸ் போட்டுக் கேட்காதீங்க. சில்லென்று இருந்தால் வாசமும் தெரியாது, ருசியும் மந்தமாகிவிடும். கலப்படக்காரருக்கு அதைவிட வசதி வேறில்லை.

அப்பவும் சந்தேகமா? கொஞ்சம் வீட்டுக்கு வாங்கிவந்து அடுப்பில் வையுங்க. பதநீர் சுண்டச் சுண்டப் பாகாகும், கருப்பட்டி வாசம் தூக்கும். சீனி கலந்த தண்ணியும் பாகாகும், ஆனா அந்த வாசம் வராது. சாக்கரின் தண்ணியில் பாகே வராது.

எதோடு சாப்பிடலாம்?

இனிப்பு ஒயினுக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் ஒரு விதி இருக்கிறது: தின்பண்டம் பானத்தைவிட இனிப்பாக இருக்கக் கூடாது. இருந்தால் பானம் சப்பென்று ஆகிவிடும். இத்தாலியின் டஸ்கனி பகுதியில் 'வின் சாந்தோ' என்ற இனிப்பு ஒயினில் கெட்டியான பாதாம் பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிடுவதும் இந்தக் கணக்குதான்.

நம்ம ஊரில் இதை யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. ஆனால் பதநீரில் நுங்கைப் போட்டுக் குடிப்பது ஏன் அவ்வளவு பொருத்தம்? நுங்கில் இனிப்பு கம்மி. தென்மாவட்டங்களில் மாங்காயை நறுக்கிப் போடுவார்கள், புளிப்பு திகட்டலை வெட்டும். ஆரணி பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம்: உப்புப் போட்டு அவித்த மல்லாட்டை. முறுக்கும் ஓகே. ஜிலேபி, அல்வா பக்கம் மட்டும் போகவேண்டாம்.

'இயற்கையானதுதானே' என்று சர்க்கரை நோயாளிகள் ரெண்டு டம்ளர் அடிப்பதும் வேண்டாம், உள்ளே இருப்பது சர்க்கரைதான். வாங்குவதைக் காலையிலேயே வாங்கிவிடுங்க. மதியம் ரெண்டு மணிக்கு, வெயிலில் நின்ற பானையைக் காட்டி 'இப்பதான் இறக்கினது' என்றால், மோந்து பார்த்துவிட்டு அப்புறம் காசு கொடுங்க.