ஒலுவில்: தோண்டும் மண்ணை எங்கே கொட்டுவது?

அம்பாறை மாவட்டத்தின் கரையோர முஸ்லிம் ஊர்களில் ஒன்று ஒலுவில். டென்மார்க்கின் கடனுதவியில் கட்டப்பட்ட துறைமுகம் 2013இல் இங்கே திறக்கப்பட்டபோது, கப்பல் வரும், பிள்ளைகளுக்குத் தொழில் வரும் என்று நாம் எதிர்பார்த்தோம். ஆனால் கடலரிப்புதான் வந்தது. தென்னந்தோட்டங்களும் கரைவலை இழுக்கும் இடங்களும் கடலுக்குள் போயின.

2018இல் துறைமுகத்தின் வாயிலை மணல் மூடியது. படகுகள் போய்வர முடியாத மீனவர்கள், மணலை உடனே அகற்றுங்கள் என்று போராடினார்கள். மணலை அள்ளினால் எஞ்சிய கரையும் போய்விடும் என்று கரையோர மக்கள் எதிர்த்தார்கள். இரு சாராரும் நம்மவர்களே. அப்படியானால் யார் பக்கம் நியாயம்?

இதற்குப் பதில் மணலின் பயணத்தில் இருக்கிறது. அலைகள் சாய்வாக வந்து மோதுவதால் கரையோர மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். நமது கிழக்குக் கரையில், ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால், அது தெற்கிலிருந்து வடக்கே போகிறது. கடலுக்குள் நீளும் கல்லணை இந்தப் பாதையை மறிக்கிறது. அதனால் தெற்கே மணல் சேர்கிறது. ஒரு பகுதி வாயிலுக்குள் புகுகிறது. வடக்கே போன மணலுக்குப் பதில் மணல் வராமல் கரை கரைகிறது.

ஆகவே வாயிலில் கிடப்பது வடக்குக் கரைக்குச் சேர வேண்டிய மணல். அதை அள்ளி வடக்கே கொட்டினால் மீனவருக்கும் வழி திறக்கும், கரைக்கும் உயிர் வரும். ஆழ்கடலில் கொட்டினாலோ, விற்றாலோ கரைக்கு இரட்டை இழப்பு. ஒரு தடவை கொட்டினாலும் போதாது. கல்லணை இருக்கும்வரை தொடர்ந்து செய்ய வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தோண்டி எடுப்பதெல்லாம் மணல் அல்ல. படகுகள் கட்டும் உட்பகுதியில் நுண்ணிய சேறு படியும். எந்திர எண்ணெயும், படகின் அடியில் பூசும் நச்சு வர்ணமும், மீன் கழிவும் அதில் கலந்திருக்கக்கூடும். கறுத்து, அழுகிய முட்டைபோல் நாறும் அந்தச் சேறு கரையில் நிற்காது. அலையில் கரைந்து தண்ணீரைக் கலக்கி, மீன் குஞ்சுகளையும் கரைவலைத் தொழிலையும் பாதிக்கும். அதைக் கடற்கரையில் கொட்ட வந்தால் மக்கள் எதிர்ப்பது நியாயமே.

எனவே "அள்ளு", "அள்ளாதே" என்று நாம் இரண்டாகப் பிரிந்து நிற்கத் தேவையில்லை. பள்ளிவாசல் நிர்வாகமும் மீனவர் சங்கமும் ஒன்றாக அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: எடுப்பது மணலா, சேறா? அதைப் பரிசோதித்த அறிக்கை எங்கே? எந்த இடத்தில், எவ்வளவு கொட்டப்படும்? கரையோர வேலைகளுக்கு அனுமதி பெற வேண்டும் என்று 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்த அனுமதியைக் காட்டும்படி கேட்பதும் நமது உரிமை. இயந்திரம் வந்து இறங்கிய பிறகு கூடுவதைவிட, அதற்கு முன்பே எழுத்தில் பதில் வாங்கி வைப்பதே ஊருக்குப் பாதுகாப்பு.