நீர்த்தாரை நின்றால்...

முல்லைத்தீவுக் கரையிலிருந்து கடலுக்குப் புறப்படும் படகுகளை உற்று நோக்குவோர், பின்புற இயந்திரத்திலிருந்து மெல்லிய நீர்த்தாரையொன்று இடைவிடாது பாய்வதைக் காண்பர். அது வீணே ஒழுகும் நீரன்று, இயந்திரத்தின் நாடி. அதனைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு இயந்திரத்தின் நோய் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே படகைத் தள்ளுகிறது. எஞ்சியதைப் புகையும் குளிர்நீரும் வெளியேற்ற வேண்டும். நோர்வேயிற் பிறந்த ஓலே எவின்ரூட் என்பவர் 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே விற்பனைக்குக் கொண்டுவந்த வெளியிணைப்பு இயந்திரம், இன்று நம் மீனவரின் உற்ற துணை. அதன் அடிப்பகுதியில் உள்ள சிறிய இறப்பர்ச் சக்கரம் கடல்நீரை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. சூட்டை வாங்கிக்கொண்ட அந்நீரில் ஒரு சிறு பகுதியே நாம் காணும் தாரை.

தாரை மெலிந்தாலோ நின்றாலோ, முதலில் வேகத்தைக் குறைத்து இயந்திரத்தை நிறுத்த வேண்டும். "கரை அருகில்தானே" என்று ஓட்டினால் பிஸ்டன் உருளையோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். நங்கூரம் இட்டு ஆறவிடுக. கொதிக்கும் உலோகத்தின்மீது குளிர்நீரை ஊற்றுதல் கூடாது. திடீரெனச் சுருங்கி அது வெடிக்கக்கூடும்.

அடுத்து, எளியதிலிருந்து அரியதற்குச் செல்க. இயந்திரத்தை உயர்த்தி, நீர் புகும் துவாரங்களைப் பாருங்கள். ஆழங்குறைந்த களப்பு வாய்களில் சேறும் சாதாளையும், எங்கும் மிதக்கும் பொலித்தீன் பைகளும் அவற்றை அடைத்துவிடும். அங்கே தடையில்லையெனில், தாரை வெளிவரும் துளையில் ஒரு துண்டுத் தங்கூசி நூலை நுழைத்துப் பார்க்கலாம். சில வேளை அத்துளையில் மாத்திரமே உப்பு அடைத்திருக்கும்.

அதன் பின்னும் நீர் வரவில்லையென்றால், இறப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கலாம். நீரின்றிக் கரையில் சற்று நேரம் ஓட்டினாலே அதன் இதழ்கள் கருகிவிடும். வெப்பநிலை நிறுத்தி இறுகியிருப்பினும் சூடு ஏறும். மோட்டார் வண்டிகளில் இக்கருவி பெரும்பாலும் 80 பாகைக்கு மேலேதான் திறக்கும். கடல்நீரால் குளிரும் இயந்திரங்களிலோ ஏறத்தாழ 50 முதல் 60 பாகையிலேயே திறக்கும். சூடு மிகுந்தால் கடல்நீரின் உப்புகள் படிந்து வழியை அடைக்கும் என்பதே காரணம். இவற்றைப் பழுதுபார்ப்பது கரையில், கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. ஈரடிப்பு இயந்திரமாயின், எரிபொருளோடு எண்ணெய் சரியான அளவிற் கலந்ததா என்பதையும் பார்க்க வேண்டும்.

தொழில் முடிந்ததும், சுழல்விசிறியைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தின் அடிப்பகுதியை நன்னீர்ப் பீப்பாயில் அமிழ்த்திப் பத்து நிமிடம் ஓட்டினால் உப்புக் கழுவப்பட்டுவிடும். சிறுவர்களை அருகே விடாதீர்கள்.

இவையெல்லாம் இயந்திரத்தின் விலையைக் காப்பதற்கு மாத்திரம் அல்ல. தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் நம் கிழக்குக் கரையில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அந்நாட்களில் இயந்திரம் ஓய்ந்த படகை அது வங்காள விரிகுடாவை நோக்கி ஒதுக்கிச் செல்லும். ஆகவே படகில் துடுப்பும் நங்கூரமும் குடிநீரும் என்றும் இருக்கட்டும். ஓட்டுபவர் கண் அந்த நீர்த்தாரைமீதும் இருக்கட்டும். கரையிலே ஒரு குடும்பம் காத்திருக்கிறது.