பாட்டு வகுப்பில் "பாட்காஸ்ட்": மாணவர்களே தயாரிக்கும் இசை நிகழ்ச்சி

ராகத்தின் ஆரோகணம், அவரோகணத்தை எழுதச் சொன்னால் இசை மாணவர்கள் பிழையில்லாமல் எழுதிவிடுவார்கள். அதே ராகத்தைப் பாடிக் காட்டி, "இதுதான் இதன் தனித்தன்மை" என்று விளக்கச் சொன்னால் பலர் விழிப்பார்கள். காதால் அறிய வேண்டிய கலைக்குக் காகிதத்தில் தேர்வு!

இந்தக் குறையைப் போக்க உதவுவது "பாட்காஸ்ட்". இது வானொலி நிகழ்ச்சி போன்றதுதான். ஆனால் குறித்த நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். இணையத்திலிருந்து எடுத்து, விரும்பிய நேரத்தில் கேட்கலாம். 2004 பிப்ரவரியில் லண்டன் "கார்டியன்" பத்திரிகையில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் இந்தச் சொல் இடம் பெற்றது.

1,600 பேருக்கு இலவசம்

அதே ஆண்டு, அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் டியூக் பல்கலைக்கழகம், முதலாண்டு மாணவர்கள் 1,600-க்கும் மேற்பட்டோருக்கு "ஐபாட்" கருவியை இலவசமாகக் கொடுத்தது. குரல் பதிவுக்கான ஒலிவாங்கியும் உண்டு. அயல்மொழி வகுப்புகளும் இசை வகுப்புகளும் அதை அதிகம் பயன்படுத்தின. மறு ஆண்டே, தேவைப்படும் வகுப்புகளுக்கு மட்டும் என்று திட்டம் சுருக்கப்பட்டது. கருவி இருந்தால் மட்டும் போதாது; அதற்கேற்ற பாடமும் வேண்டும்.

நிகழ்ச்சி 5 நிமிடம்

மோகனம், ஹம்சத்வனி ஆகிய ராகங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஐந்தைந்து சுரங்கள். ச, ரி, க, ப நான்கும் பொது. மோகனத்தில் ஐந்தாவது "த", ஹம்சத்வனியில் "நி". எழுதினால் ஒரே வரி.

இதையே 5 நிமிட நிகழ்ச்சியாக்கச் சொன்னால் வேலை வேறு. மூன்று மாணவர் சேர்ந்து உரை எழுத வேண்டும். இரு ராகங்களையும் பாடிப் பதிவு செய்ய வேண்டும். கேட்பவர் காதில் அந்த ஒரு சுரத்தின் வித்தியாசம் விழ வேண்டும். பதிவைப் போட்டுக் கேட்டால் சுருதி விலகிய இடம் தானே தெரியும். மீண்டும் பாடுவார்கள். வெட்டி ஒட்ட "அடாசிட்டி" என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பதிவுக்குக் கைப்பேசியே போதும்.

ஓர் எச்சரிக்கை

தியாகராஜர் 1847-ல் மறைந்தவர். அவர் கீர்த்தனைகளை யாரும் பாடலாம். ஆனால் ஒலிப்பதிவுக்கு இந்தியச் சட்டப்படி, வெளியானது முதல் 60 ஆண்டு உரிமை உண்டு. எனவே வித்வான்களின் பதிவை எடுத்துச் சேர்ப்பதைவிட மாணவரே பாடிவிடுவது நல்லது. அதுவே பயிற்சியுமாகும். கமகத்தைத் திருத்த மட்டும் ஆசிரியர் எதிரில் இருந்தாக வேண்டும்.

பாட்டியின் தாலாட்டு

வெளி மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. ஊரில் பாட்டிமார் பாடும் தாலாட்டும் நலங்குப் பாட்டும் பல எந்தப் புத்தகத்திலும் ஏறாதவை. வேற்று மொழிப் பள்ளியில் படிக்கும் பேத்தி அதைப் பதிவு செய்து, பொருள் கேட்டறிந்து, தன் குரலில் விளக்கினால் அதைவிடச் சிறந்த இசைப் பாடம் வேறில்லை.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இதைச் செய்யலாம். பாட்டி இருக்கும்போதே செய்ய வேண்டும்.